இடம் பார்த்துப் பேசும் விசை

அந்த அலுவலகத்தில் எல்லாரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். காதோரம் நரைத்து, முன்மண்டை பளபளக்க ஆரம்பித்துவிட்ட ஆளைத் தம்பி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவனுடைய அக்கா அவனுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்து எல்லாருக்கும் அக்காவாகிவிட்டாள். அப்புறம் அவன் வேறு என்னவாக இருக்க முடியும்?

அது பயன்பாட்டுக் கையேடுகள் தயாரிக்கும் நிறுவனம். புதிதாக மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரித்த கையோடு குப்பைக்குப் போகுமே, அதேதான். அதை அக்கா மாதிரி ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்பது தூக்கிப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்த கையேட்டை, அந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, அதில் சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்யச் சொல்வார்கள். இதற்கு 'நடந்து பார்ப்பது' என்று பெயர். நடப்பவர் சொந்த மூளையைக் கொஞ்சமும் செலவழிக்கக் கூடாது. எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும், எழுதாததைச் செய்யக் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது. ஒருமுறை மிக்ஸி கையேட்டில் 'மூடியைப் போடவும்' என்ற படி விட்டுப்போயிருந்தது. நடந்து பார்த்தவர் பழைய மேலாளர். விதியை மதித்து அவர் விசையைத் திருகியதில் போன தக்காளிச் சாறு, கூட்ட அறையின் கூரையில் இன்றும் லேசாகத் தெரிகிறது. அந்தக் கையேட்டை எழுதியவனை யாருக்கும் நினைவில்லை. விதியை மதித்த மேலாளரை மட்டும் இன்னும் மெச்சுகிறார்கள்.

போன வருடம் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வலது கையால் அவள் மற்றவர்கள் இரண்டு கையால் அடிக்கும் வேகத்தில் எழுதினாள். சிக்கல் எழுத்தில் இல்லை, கட்டளையில் இருந்தது. அவர்கள் கணினியில் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரில் ஒரு அட்டவணைக்கு வரிசை சேர்க்கவோ, படிகளுக்கு எண் மாற்றவோ மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு கையோடு அதைச் செய்ய அக்கா முழங்கை, முகவாய்க்கட்டை எல்லாவற்றையும் உபயோகித்துப் பார்த்தாள்.

"மூக்கு ஒண்ணுதான் பாக்கி. அதையும் நாளைக்கு வெச்சு அமுக்கிப் பாக்கறேன்" என்றாள் தம்பியிடம்.

தம்பி அந்த நிறுவனத்தின் ஒரே நிரல் எழுதுபவன். அதாவது பிரிண்டர் சிக்கிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் உட்கார்ந்து ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினான். எடிட்டரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன நிரல். விசைப்பலகையின் மேல் வரிசையில் கடைசியாக ஒரு விசை இருக்கிறது, யாரும் அதைத் தொட்டதே இல்லை. அதை ஒருமுறை அழுத்தினால் போதும். கர்சர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பொருத்தமான கட்டளைகள் மட்டும் ஒரு சின்னப் பட்டியலாக விரியும். அட்டவணைக்குள் நின்றால் வரிசை சேர், வரிசை நீக்கு. எண்ணிட்ட படியில் நின்றால் எண்களைச் சரிசெய். படத்தின் மேல் நின்றால் விளக்கம் எழுது. சம்பந்தமில்லாத எதுவும் தலைகாட்டாது. அதுதான் அதன் அழகே.

வெற்று வரியில் நின்று அழுத்தினால் என்ன காட்டுவது என்று யோசித்தான். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சரி என்று அங்கேயும் ஒரே ஒரு வரி போட்டுவைத்தான். அதை முதன்முதலில் பார்த்தபோது அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல கையால்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தச் சந்தோஷம் பாதுகாப்பு அதிகாரியின் கண்ணில் படும்வரை நீடித்தது. அவருக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். கணினிகளைச் சுத்தம் செய்யும்போது அக்காவின் கணினியில் ஊர் பேர் தெரியாத ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அப்போதே அழித்துவிட்டார்.

"என்ன சார் இது, அது அவங்க கை சார்" என்று தம்பி ஓடினான்.

"கையா இருந்தாலும் சரி, காலா இருந்தாலும் சரி. முறையா ஒரே கோப்பா பேக்கேஜ் பண்ணி, அனுமதி வாங்கி, எல்லா மெஷினுக்கும் ஒண்ணா போனாத்தான் உள்ள விடுவேன்" என்றார் பூட்டு. கெட்ட மனிதர் இல்லை. தன் பிறந்தநாள் கேக்கையே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டவர்.

அனுமதி தரவேண்டியவர் மேலாளர். எதைச் சொன்னாலும் அதில் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லை நுழைக்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. அதனால் அவர் பெயரே ஒருங்கிணைப்பு ஆகிவிட்டது. மாதக் கடைசியில் தலைவர் வந்து எல்லாருடைய வேலையையும் மதிப்பிடுவார். பின்தங்கியவர்களைக் கிடங்குக்கு மாற்றுவதாக மேலாளரின் திட்டம். பின்தங்கியவர் என்று அவர் மனதில் வைத்திருந்தது அக்காவைத்தான். ஒரு கை சரியில்லாதவளைப் பெட்டி தூக்கும் இடத்துக்கு அனுப்புவதில் இருந்த ஒருங்கிணைப்பு அவர் ஒருவருக்கே விளங்கியது.

ஆகவே தம்பிக்குக் காரியம் தெளிவு. மாதக் கடைசிக்குள் பேக்கேஜ் வெளியாக வேண்டும். இல்லாவிட்டால் அக்கா கிடங்குக்குப் போவாள். அவள் போகமாட்டாள், ராஜினாமாதான் கொடுப்பாள். அவள் ரோஷம் அவனுக்குத் தெரியும்.

மேலாளர் விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "அருமை! இதை நம்ம நிறுவனத்தோட புதுமைன்னு தலைவர்கிட்ட காட்டலாம். ஒரு குழு போட்டு ஒருங்கிணைப்போட செய்வோம்."

குழு என்ற சொல்லைக் கேட்டதுமே தம்பி நாட்காட்டியைப் பார்த்தான்.

குழுவில் விளம்பரப் பிரிவு அம்மா இருந்தாள். எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றாள். வட்டத்துக்குள் ஒரு விரல். விரலுக்கு நகம் இருக்கலாமா கூடாதா என்பதில் ஒரு நாள் போயிற்று. கடைசியில் பெரியது சிறியது என எல்லா அளவிலும், நகத்தோடு ஒன்று, நகமில்லாமல் ஒன்று என்று முடிவானது. வழக்கறிஞர் ஒரு ஒப்பந்தம் எழுதினார். விசையை அழுத்துவதால் ஏற்படும் மனக்கஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. அதை அவருக்குத் தெரிந்த மொழிகள், தெரியாத மொழிகள் எல்லாவற்றிலும் சேர்க்கச் சொன்னார். மேலாளர் தன் பங்குக்கு, தலைவரின் வாழ்த்துச் செய்தியை வீடியோவாகப் பிடித்து உள்ளே வைத்தார். நிறுவியதும் அதுதான் முதலில் விரிய வேண்டும்.

இதோடு விட்டார்களா? ஆளாளுக்கு ஒரு கட்டளை பட்டியலில் எப்போதும் தெரிய வேண்டும் என்றார்கள். 'மேலாளருக்குக் கருத்து அனுப்பு', 'ஒப்பந்தத்தை மறுபடி படி', 'சின்னத்தைப் பெரிதாகக் காட்டு.'

"சார், இதோட வேலையே அந்தந்த இடத்துக்கு எது வேணுமோ அதை மட்டும் காட்டறதுதான் சார். எல்லா இடத்துலயும் எல்லாம் வந்தா அப்புறம் எதுக்கு இது?" என்று தம்பி மன்றாடினான்.

"என் கட்டளை எந்த இடத்துக்குப் பொருந்தாதுன்னு சொல்றீங்க?" என்று மேலாளர் கேட்டார். தம்பி சரி என்று தலையை ஆட்டினான். ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சேர்த்தான்.

"அந்த வெற்று வரியில என்னமோ எழுதியிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க. வேலை நேரத்துல தப்பான முன்னுதாரணம்."

அதையும் எடுத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் சேர்ந்து பேக்கேஜ் தயாரானபோது பூட்டு அதைத் திருப்பி அனுப்பினார். அளவு மீறிவிட்டது. இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு விதி இருந்தது, பூட்டு அதைத் தன் கண்ணின் மணி மாதிரி காத்துவந்தார். எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது என்று தீர்மானிக்க மறுபடி கூட்டம். "இது முடிவெடுக்கறவங்க கூட்டம் தம்பி, நீங்க வெளிய இருங்க" என்று மேலாளர் கதவைச் சாத்தினார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று தம்பி பார்த்தான். வாய்கள் அசைந்தன. கைகள் உயர்ந்தன. விளம்பர அம்மா நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னாள், சின்னத்துக்காகத்தான் இருக்கும். வழக்கறிஞர் மேசையைத் தட்டினார். பிறகு எல்லாரும் திரையில் ஏதோ ஒன்றைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தபடி எழுந்து வந்தார்கள். ஒருவருக்கும் நஷ்டமில்லாமல் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மேலாளர் அவன் தோளில் தட்டினார். அவன் நம்பினான். முட்டாள், நம்பிவிட்டான்.

பேக்கேஜ் வெளியீட்டைக் கூடத்தில் விழாவாகவே வைத்தார்கள். கைதட்டினார்கள். எல்லார் கணினியிலும் அது போய் உட்கார்ந்தது. ஓரத்தில் நகம் உள்ள விரல் தெரிந்தது, தலைவர் வாழ்த்தினார், ஒப்பந்தம் விரிந்தது. மறுநாளே பாராட்டுகள் குவிந்தன. 'இவ்வளவு லேசான எக்ஸ்டென்ஷனைப் பார்த்ததில்லை.' 'இருப்பதே தெரியவில்லை.' 'ஒரு பிழைகூட இல்லை.' குறை என்று ஒரு புகாரும் வராததைத் தலைவருக்கே எழுதி அனுப்பினார் மேலாளர்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. இனிப்பு வாங்கிக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனான். அவள் முகவாயால் விசையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அதை உபயோகிக்கலயா?"

"ரெண்டு நாளா அழுத்திப் பாக்கறேண்டா. ஒண்ணும் வரல" என்றாள். குரலில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை. "எல்லாருக்கும் நல்லா வருதுன்னு சொல்றாங்க. எனக்கு இந்த வலது கை விரலும் போயிடுச்சோன்னு நெனச்சேன். பயந்து போய் சொல்லல."

தம்பி இனிப்பை அப்படியே மேசையில் வைத்தான். பேக்கேஜைத் திறந்து பார்த்தான். சின்னங்கள் இருந்தன. ஒப்பந்தங்கள் இருந்தன. வாழ்த்துச் செய்தி ஜம்மென்று இருந்தது. நிரல் இருந்த ஃபோல்டரை மட்டும் காணவில்லை.

பூட்டிடம் ஓடினான். அவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "ஒவ்வொண்ணா திரையில காட்டி இது யாரோடதுன்னு கேட்டோம். எல்லாத்துக்கும் ஒருத்தர் கை தூக்கினாங்க. அந்த ஃபோல்டருக்கு மட்டும் யாரும் தூக்கல. எடுத்துட்டோம்."

"நான் வெளிய நின்னேனே சார்!"

"அதான். உள்ள இருந்திருந்தா தூக்கியிருப்பீங்க" என்றார் பூட்டு, நிஜமான வருத்தத்தோடு.

மேலாளர் அசரவில்லை. "உள்ள ஒண்ணும் இல்லயா? அப்புறம் எப்படி இவ்வளவு பாராட்டு வரும்? யாராவது வேலை செய்யலன்னு சொன்னாங்களா? உங்க அக்காவைத் தவிர?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அதைத் திரும்ப வைக்கணும்னா வாழ்த்துச் செய்தியை எடுக்கணும். தலைவர்கிட்ட யார் போய்ச் சொல்றது? நீங்க சொல்றீங்களா? அடுத்த காலாண்டுல பாக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. மதிப்பீட்டு நாளில் தலைவர் முன்னிலையில் இந்த எக்ஸ்டென்ஷனையே காட்டப்போவதாகவும், அதற்கான கையேட்டை அக்கா எழுத வேண்டும் என்றும், தலைவரே நடந்து பார்ப்பார் என்றும் உத்தரவு போட்டார். தலைவர் தடுமாறினால் அக்கா கிடங்குக்கு, தடுமாறாவிட்டால் பெருமை தனக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த களிப்பில் அவருக்குப் பசிகூட எடுக்கவில்லை.

தம்பி வீட்டில் புலம்பித் தீர்த்தான். "இல்லாத ஒண்ணுக்கு எப்படிக்கா கையேடு எழுதுவே? எழுத முடியாதுன்னு சொல்லிடு."

அக்கா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வலது கையை மடக்கி மடக்கி நீட்டினாள். விரல் போகவில்லை என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குப் பழைய கொழுப்பு திரும்பியிருந்தது.

"ஏண்டா முடியாது? நான் என்னிக்காவது செஞ்சு பாக்காம ஒரு படி எழுதியிருக்கேனா? செஞ்சு பாத்து என்ன நடக்குதோ அதை எழுதறேன். நீ ஒரு வேலை மட்டும் பண்ணு. அந்த ஃபோல்டரை ஆபீஸ் சர்வர்ல பொது இடத்துல எல்லாரும் எடுக்கற மாதிரி வெச்சுடு."

"எதை? கடைசியா எல்லாரும் சேத்ததையா?"

"எல்லாரும் கை வைக்கறதுக்கு முன்னாடி இருந்ததை."

மதிப்பீட்டு நாள் வந்தது. தக்காளிக் கறை படிந்த கூரைக்குக் கீழே எல்லாரும் கூடினார்கள். தலைவர் கணினியின் முன் உட்கார்ந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர், விதியென்றால் விதி என்பவர். எதிரே பெரிய திரை. பக்கத்தில் அக்கா எழுதிய ஒற்றைத் தாள். அதை அதுவரை யாரும் பார்க்கவில்லை. நடந்து பார்ப்பதற்கு முன் யாருக்கும் காட்டக் கூடாது என்பதும் வழக்கம்தான். மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"முதல் படி. எடிட்டரைத் திறந்து கர்சரை ஒரு வெற்று வரியில் வைக்கவும்." வைத்தார்.

"இரண்டாம் படி. மேல் வரிசையின் கடைசி விசையை அழுத்தவும். ஒன்றும் நடக்காது." அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மேலாளரின் கைகள் தேய்ப்பதை நிறுத்தின.

"மூன்றாம் படி. மறுபடி அழுத்தவும். மறுபடியும் ஒன்றும் நடக்காது. உங்கள் விரலில் குறையில்லை."

தலைவர் அழுத்திவிட்டு, தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சார், கொஞ்சம் பலமா அழுத்தினா..." என்று மேலாளர் முன்னால் வந்தார்.

"பலமான்னு எழுதலையே" என்றார் தலைவர். மேலாளர் பின்னால் போனார்.

"நான்காம் படி. பேக்கேஜைத் திறந்து, அதிலுள்ள தலைவரின் வாழ்த்துச் செய்தியை நீக்கவும்."

விளம்பர அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர் ஒப்பந்தத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினார். தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செத்தாள், நாளைக்கே வீட்டில் உட்காரப்போகிறாள் என்று நினைத்தான். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இடது கை மடியில் கிடந்தது.

தலைவர் தாளைக் கீழே வைத்தார். "இந்த வாழ்த்துச் செய்தியை யாராவது பாத்தீங்களா?"

"பாத்தோம் சார்!" "பிரமாதம் சார்!" என்று நாலா பக்கமும் குரல்கள்.

"கடைசியில நான் என்ன சொன்னேன்?"

பிரமாதம் என்றவர்கள் மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் "ஒருங்கிணை..." என்று ஆரம்பித்து முழுங்கிவிட்டார்.

"'உங்க கைகள்தான் நம்ம நிறுவனத்தோட சொத்து'ன்னு சொன்னீங்க சார்" என்றாள் அக்கா. "நான் ரெண்டு தடவை பாத்தேன். எந்த விசையை அழுத்தினா வேலை செய்யும்னு நடுவுல எங்கயாவது சொல்வீங்கன்னு."

தலைவர் அவளைப் பார்த்தார். மடியில் கிடந்த கையையும் பார்த்தார். பிறகு பூட்டின் பக்கம் திரும்பினார். "நான் இதைத் தொடலாமா?"

"பேக்கேஜுக்குள்ள கை வைக்க உங்க அனுமதி வேணும் சார்" என்ற பூட்டு, கொஞ்சம் யோசித்தார். "நீங்களே கை வெச்சா அதுவே அனுமதிதான்."

தலைவர் நீக்கினார். தன் முகம் திரையிலிருந்து மறைவதை ஒரு நொடி பார்த்துவிட்டு ஐந்தாம் படிக்குப் போனார். "பொது இடத்தில் உள்ள 'தம்பி' என்ற ஃபோல்டரை எடுத்து அங்கே வைத்து, திரும்ப நிறுவவும்." வைத்தார். நிறுவினார். அளவு விதிக்குள் இருப்பதாகப் பூட்டு யாரும் கேட்காமலே அறிவித்தார்.

"ஆறாம் படி. கர்சரை வெற்று வரியில் வைத்து அதே விசையை அழுத்தவும். திரையில் வருவதைச் செய்யவும். கையேடு முடிந்தது."

அழுத்தினார்.

பட்டியல் விரிந்தது. கருத்து அனுப்பச் சொல்லவில்லை, சின்னத்தைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. பெரிய திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. 'கையை இறக்கி வை, அக்கா. கொஞ்சம் ஓய்வெடு.'

அறை முழுக்க அதைப் படித்தது. இது யாருக்காக எழுதப்பட்டது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி கூரையில் இருந்த தக்காளிக் கறையை உற்றுப் பார்த்தான். கீழே பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். அப்படியும் அழுதான்.

தலைவர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மேலாளரும் அவசரமாகத் தன் கைகளைத் தொங்கவிட்டார். விளம்பர அம்மா, வழக்கறிஞர், பூட்டு, ஒவ்வொருவராகக் கைகளை இறக்கினார்கள். கொஞ்ச நேரம் அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் ஒருங்கிணைக்கவில்லை.

"கையேடு சரியா இருக்கு" என்றார் தலைவர். "ஒரு படிகூடத் தப்பல. இவங்க இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

மேலாளருக்கு உயிர் வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி நீட்டினார். "அப்போ ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சு."

தலைவர் அசையவில்லை.

"இருங்க. கையை இறக்கி வெக்கச் சொல்லியிருக்கில்ல."